கான்கிரீட் தரைக்குள் இற்றுப்போகும் ஹீட்டிங் டக்ட்: கண்டுபிடிப்பது முதல் மூடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பேஸ்மென்ட் இல்லாமல், தரைமேலேயே கான்கிரீட் ஸ்லாப் போட்டு லட்சக்கணக்கில் வீடுகள் கட்டினார்கள். 1950களிலிருந்து 1970கள் வரை கட்டப்பட்ட ஒற்றைத் தள ரான்ச் வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். வெந்நீர்க் குழாய்களைத் தரைக்குள் ஓட்டிய வீடுகளும் உண்டு. லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் வீடுகள் அப்படித்தான். ஆனால் ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய் போன்ற குளிர் மாநிலங்களில் சூடான காற்று போகும் டக்டையே ஸ்லாப்புக்குள் புதைத்த வீடுகள் ஏராளம். அந்த டக்டுகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது, எழுபது வயதாகிறது. ஸ்கூல் நல்ல ஏரியா, விலையும் கட்டுப்படியாகிறது என்று இப்படி ஒரு பழைய வீட்டை வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. நம் ஊரில் வீட்டைச் சூடாக்கும் வேலையே கிடையாது என்பதால், தரைக்குள் காற்றுக்குழாய் இருக்கும் என்பதே பலருக்கு முதல் குளிர்காலத்தில்தான் தெரியவரும்.

இந்தப் பிரச்சினையில் பணம் வீணாவது பெரும்பாலும் வேலையின் வரிசை தவறுவதால்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் டக்டுக்கு உள்பூச்சு அடிப்பது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழை) இருக்கிறதா என்று பார்க்காமல் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்வது, புது வழி தயாராவதற்கு முன் பழையதை மூடுவது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதை முன்னிறுத்தியே கீழே எழுதியிருக்கிறேன்.

கீழே என்ன இருக்கிறது

காற்றைச் சூடாக்கும் உங்கள் ஃபர்னஸ் வீட்டின் நடுவில் ஓர் அலமாரி அளவு அறையில் நின்று, காற்றை மேலே அனுப்பாமல் தரையை நோக்கி ஊதினால் அது டவுன்ஃப்ளோ ஃபர்னஸ். அதற்கு நேர் கீழே ஸ்லாப்புக்குள் பிளீனம் என்கிற குழி இருக்கும். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல டக்டுகள் வெளிச்சுவர்களை நோக்கிப் போகும். பல வீடுகளில் சுவரோரமாக ஒரு வளையமும் ஓடும். ஜன்னலுக்குக் கீழே தரையில் கிரில் போட்ட வாய் தெரியும், அதுதான் ரெஜிஸ்டர். இந்த வடிவமைப்பைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலிலிருந்து இறங்கும் குளிரை அது அங்கேயே எதிர்கொண்டது, ஸ்லாப்பின் ஓரத்தையும் சூடாக்கியது. காலுக்கு இதமான வீடுகள் அவை. அந்தக் குழாய்கள் எதனால் செய்யப்பட்டவை, எவ்வளவு காலம் தாங்கும் என்பதில்தான் சிக்கல்.

துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, மெழுகோ ஃபாயிலோ பூசிய அட்டைக்குழாய், சுட்ட களிமண் குழாய், கல்நார் சிமென்ட் குழாய் எல்லாமே புழக்கத்தில் இருந்தன. இரும்புத் தகட்டில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பூச்சு கரைந்து துரு ஏறும். அடிப்பக்கம்தான் முதலில் போகும். அட்டைக்குழாய் ஊறிப்போய்ச் சரியும்.

ஒரு விஷயத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சில வீடுகளில் டக்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள். அங்கே தகடு முழுக்கத் துருப்பிடித்து உதிர்ந்தாலும் கான்கிரீட் சுரங்கம் ஒன்று மிஞ்சும், காற்று அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். வேறு சில வீடுகளில் டக்டை மணலிலோ ஜல்லியிலோ கிடத்தி, மேலே மட்டும் ஸ்லாப் போட்டிருப்பார்கள். அங்கே அடித்தகடு போனால் உங்கள் ஹீட்டரின் காற்று நேராக மண்ணில் இறங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் வீடு இதில் எந்த ரகம் என்று கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அறிகுறிகள்

ரெஜிஸ்டரைத் தூக்கிப் பார்த்தால் துருச் செதில், மணல், எறும்பு. ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் மண்வாசனை அல்லது ஊறிய வாடை. மழைக்குப் பிறகு தரைக்குள் சலசலப்பு. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவது. ஃபர்னஸின் அடிப்பாகம் துருப்பிடிப்பது. ஓர் அறை மட்டும் சூடாகாமலே இருப்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் டக்டைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. முதலாவது, ஃபர்னஸைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதிலிருந்து காற்று வெளியேறும் இடத்திலும் ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் வெப்பநிலை எடுங்கள். தூரம் கூடக்கூட வெப்பம் கொஞ்சம் குறைவது இயல்பு. பக்கத்து ரெஜிஸ்டரில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும்போது அடுத்ததில் 80 மட்டும் வந்தால், அந்த வழியில் தண்ணீர் நிற்கிறது அல்லது ஓட்டை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சோதனை ஈரத்துக்கு. தெர்மோஸ்டாட்டில் ஹீட்டை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காற்று உள்ளே போகும் ரிட்டர்ன் கிரில்லிலும் வெளியே வரும் ரெஜிஸ்டரிலும் ஈரப்பதம் அளக்கும் கருவியை வையுங்கள். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தரைக்குள் போய்க் குளிர்ந்த காற்றில் ஒரு சொட்டு நீர் சேராவிட்டாலும் சதவீதம் ஏறும். பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயிண்ட், இரண்டு இடத்திலும் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். விலை குறைந்த கருவிகள் சிலவும்கூட இதைக் காட்டிவிடும். வெளியே வரும் காற்றின் டியூ பாயிண்ட் தெளிவாகக் கூடியிருந்தால் டக்டுக்குள் ஈரம் சேர்கிறது என்று பொருள்.

ஓட்டை டக்ட் என்றால் பில் மட்டும்தான் ஏறும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வரவேண்டிய காற்று மண்ணுக்குள் போகிறது, ஆனால் ஃபர்னஸ் வீட்டுக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதனால் வீட்டின் உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட வெளிக்காற்று சந்து பொந்தெல்லாம் நுழையும், மண்ணிலிருந்து ரேடான் என்ற, நுரையீரல் புற்றுநோய் தரக்கூடிய கதிரியக்க வாயுவும் ஏறும். கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பும் அபாயமும் உண்டு. இந்த வேலை முடியும்வரை கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். ரேடான் பரிசோதனைக் கிட் வாங்கி வையுங்கள். குறைந்தபட்சச் சோதனை 48 மணி நேரம், அதுவும் ஜன்னல் கதவுகளை மூடி வைத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு லிட்டருக்கு 4 பிக்கோகியூரி. கனடாவில் கன மீட்டருக்கு 200 பெக்கரல்.

எதையும் தொடுவதற்கு முன்: கல்நார்

ரெஜிஸ்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், மெல்லிய சிமென்ட் குழாய் மாதிரி, கடினமாகத் தெரிந்தால் அது கல்நார் சிமென்டாக இருக்கலாம். ஜான்ஸ் மேன்வில் நிறுவனத்தின் டிரான்சைட் என்ற பெயரிலேயே பழைய கான்ட்ராக்டர்கள் இதைச் சொல்வார்கள். முழுசாக, உலர்ந்து இருக்கும் குழாய் உடனடி ஆபத்து இல்லை. அதை வெட்டினாலோ, உடைத்தாலோ, சுழலும் பிரஷ் விட்டுத் தேய்த்தாலோ இழைகள் காற்றில் கலக்கும், அந்தக் காற்றை ஃபர்னஸே எல்லா அறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பல வருடம் தண்ணீரில் ஊறிய குழாயின் உள்பக்கம் தானாகவே உதிரத் தொடங்கும்.

ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் ஃபேனை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள கல்நார் இன்ஸ்பெக்டரை வைத்து மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபில் சோதியுங்கள். நீங்களே சுரண்டி எடுக்க வேண்டாம். டக்ட் கிளீனிங் ஆள் குறைந்த விலை சொல்லிக்கொண்டு வாசலில் நின்றாலும் இந்த ரிசல்ட் வரும்வரை உள்ளே விடாதீர்கள்.

இன்னொரு பழைய பூதமும் இருக்கிறது. குளோர்டேன் என்ற கரையான் மருந்தை அமெரிக்காவில் 1948இலிருந்து பயன்படுத்தினார்கள், 1988இல் முழுமையாகத் தடை செய்தார்கள். வீட்டைச் சுற்றியும் ஸ்லாப்புக்கு அடியிலும் மண்ணில் ஊற்றிய மருந்து அது. மண்ணில் பல பத்தாண்டு தங்கும், ஓட்டை டக்ட் வழியே வீட்டுக்குள்ளும் வரும். 1988க்கு முந்தைய வீட்டில் அடித்தகடு போன டக்ட் இருந்து, மருந்து போட்டதற்கான பழைய ரசீதோ தரையில் துளையிட்டு அடைத்த தடயமோ இருந்தால் காற்றுப் பரிசோதனை செய்வது நியாயமான செலவு. இப்போது கரையான் மருந்து அடிக்க ஆள் வந்தாலும், ஸ்லாப்புக்குள் டக்ட் ஓடுகிறது என்பதை வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். துளையிடும் இடம் தவறினால் மருந்து டக்டுக்குள்ளேயே போகும்.

கேமராவும் வரைபடமும்

சாக்கடைக் குழாய்க்கு விடும் கேமராவே இதற்குப் போதும். வாடகைக்கும் கிடைக்கும். பிளம்பரையோ டக்ட் கம்பெனியையோ கூப்பிட்டால் வீடியோப் பதிவு கட்டாயம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். "உள்ளே மோசமாக இருக்கு சார்" என்ற வாய்மொழி அறிக்கை நாளைக்கு நாலு பேரிடம் கொட்டேஷன் கேட்கும்போது உதவாது.

ஒவ்வொரு ரெஜிஸ்டரிலிருந்தும் பிளீனம் வரைக்கும் பாருங்கள். குழாயின் அடிப்பக்கம் கான்கிரீட்டா மண்ணா, தண்ணீர் நிற்கிறதா, பழைய நீர்மட்டக் கோடு தெரிகிறதா, எங்கே நசுங்கியிருக்கிறது, எந்தக் கிளை எங்கே சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமராத் தலையிலிருந்து வரும் சிக்னலை மேலே நின்று பிடிக்கும் லொக்கேட்டர் இருந்தால் தரையிலேயே டேப் ஒட்டி வழியைக் குறித்து, பிறகு தாளில் வரையலாம். உள்ளே பழைய நீர்மட்டக் கோடு தெரியும் டக்ட், இப்போது உலர்ந்திருந்தாலும், மழைக்காலத்தில் நிரம்பி வடிந்ததாக இருக்கலாம். எனவே கோடையில் ஒரு முறை பார்த்துத் திருப்திப்படாமல், பெருமழைக்குப் பிறகோ பனி உருகும் வசந்தத்திலோ இன்னொரு முறை பாருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவோ பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு.

மழைக்குப் பின் மட்டும் தண்ணீர் வந்தால் வெளியே போய்ப் பாருங்கள். கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்காலான கட்டர் இலை அடைத்து வழிகிறதா? அந்த நீரைக் கீழே இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? கொட்டினால் குழாயை நீட்டி நான்கைந்து அடிக்கு அப்பால் விடுங்கள். மண் எந்தப் பக்கம் சாய்கிறது? வீட்டிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி. பழைய வீடுகளில் பூச்செடிப் பாத்திக்காக மண்ணும் மரத்தூளும் வருடா வருடம் கொட்டிச் சாய்வு வீட்டை நோக்கியே திரும்பியிருக்கும். சுவரோரம் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் தலைகளையும் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரை யாரோ ஒரு புண்ணியவான் பிளீனத்துக்குள்ளேயே விட்டிருக்கிற வீடுகளும் உண்டு.

மழையே இல்லாதபோதும் தண்ணீர் இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களில் மிகச் சிறிய ஓட்டத்துக்கும் சுழலும் ஒரு சின்னக் காட்டி இருக்கும். அது அசைந்தால் எங்கோ கசிகிறது. தரையில் ஓரிடம் மட்டும் காரணமில்லாமல் சூடாக இருந்தால் வெந்நீர்க் குழாய். சாக்கடை நாற்றம் வந்தால் கழிவுக் குழாயில் சாயம் கலந்த நீர் விட்டுச் சோதிக்க வேண்டும், அதுவரை ஃபேனை ஓட்டக் கூடாது.

நிலத்தடி நீர்மட்டமே டக்ட் உயரத்துக்கு ஏறுகிற வீடுகளும் இருக்கின்றன. வெளியே ஜல்லி நிரப்பிய வடிகால் குழாய் போட்டு, குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வைத்துக் குறைக்கலாம். செலவு பிடிக்கும். இந்த வகை வீட்டில் டக்டைக் காப்பாற்றும் யோசனையை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

உள்ளே தண்ணீர் நிற்கும்போது ஃபர்னஸின் மின்சாரத்தை பிரேக்கரில் அணைத்துவிட்டு, ஈரம் இழுக்கும் வாக்குவத்தால் எடுங்கள். கல்நார் இல்லை என்று உறுதியான டக்டில் மட்டும் இதை நீங்களே செய்யலாம்.

வைத்துக்கொள்வதா, கைவிடுவதா

சுற்றிலும் கான்கிரீட், உள்ளே உலர்வு, கொஞ்சம் துருச் செதில், கல்நார் இல்லை, ரேடான் குறைவு: இப்படியென்றால் செதிலை அள்ளிவிட்டு, ரெஜிஸ்டர் வாய் ஸ்லாப்போடு சேரும் இடத்தை அடைத்து, வருடம் ஒருமுறை கேமரா விட்டால் போதும். கைவிட வேண்டிய அவசியமே இல்லை. பயமுறுத்திப் பெரிய வேலை விற்க வருகிறவரிடம் இந்த வழியும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஆங்காங்கே ஓட்டை, ஆனால் குழாயின் வடிவம் அப்படியே இருக்கிறது, தண்ணீரின் காரணம் தெரிந்து சரிசெய்தும் ஆகிவிட்டது என்றால் உள்ளே இருந்தே பழுது பார்க்கலாம். ஒன்று, ரோபோ அல்லது குழல் வழியாக உள்சுவரில் பாலிமர் பூச்சு தெளிப்பது. இது சிறு ஓட்டைக்கும் இணைப்புக்கும் சரி. அடித்தகடே இல்லாத இடத்தில் பூச்சு எதன்மேல் ஒட்டும்? இன்னொன்று, பழைய டக்டுக்குள் சிறிய புதுக் குழாயை நுழைப்பது. அளவு குறைவதை மறக்காதீர்கள். 6 அங்குலக் குழாய்க்குள் 4 அங்குலம் விட்டால் பரப்பு 44 சதவீதமாகச் சுருங்கும், உராய்வும் கூடுவதால் காற்று அதைவிடவும் குறையும். 8க்குள் 6 விட்டால் 56 சதவீதம். வீட்டின் இன்சுலேஷனையும் ஜன்னலையும் மேம்படுத்தி வெப்பத் தேவையைக் குறைத்திருந்தால்தான் இது எடுபடும். எந்த முறையானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு மழைக்காலம் உலர்வாகக் கடக்கட்டும். ஈரமான சுவரில் பூசிய பூச்சுக்கு எழுதித் தருகிற கேரன்டியின் சின்ன எழுத்துகளைப் படித்தால் "நீர் ஊடுருவல் நீங்கலாக" என்று இருக்கும்.

தண்ணீர் திரும்பத் திரும்ப வருகிறது, குழாய் சரிந்துவிட்டது, கல்நார் உதிர்கிறது, குளோர்டேன் இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று என்றாலே கைவிடுங்கள்.

ஸ்லாப்பை வெட்டிப் புது டக்ட் புதைக்கும் வழியும் உண்டு. இப்போது கிடைக்கும் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய்கள் துருப்பிடிப்பதில்லை, இணைப்புகளையும் நீர் புகாமல் செய்யலாம். புதைக்கும் டக்ட் நீர் வடியும்படி, எட்டிப் பார்க்கக்கூடிய ஓரிடத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், கான்கிரீட் ஊற்றுமுன் கசிவுச் சோதனை செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் வீடு முழுக்கத் தரையைக் கொத்த வேண்டும். வெள்ளத்தாலோ வேறு காரணத்தாலோ தரை ஏற்கெனவே பெயர்க்கப்பட்டிருந்தால் ஒழிய நான் இதைச் சொல்லமாட்டேன்.

புது வழி

முதலில் கணக்கு. வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று அறை அறையாகக் கணக்கிடும் முறைக்கு மேனுவல் ஜே என்று பெயர், டக்ட் அளவுக்கு மேனுவல் டி. "பழைய ஃபர்னஸ் 1,00,000 பிடியூ, அதையே போடுறோம்" என்பவரை அனுப்பிவிடுங்கள் (பிடியூ என்பது வெப்பத்தின் அளவு). பழைய டக்ட் மண்ணுக்குக் கொடுத்த தானத்தையும் சேர்த்துத்தான் அந்த அளவு ஓடிக்கொண்டிருந்தது.

அட்டிக், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரண், வழி டக்ட் போடுவதே அதிகம் நடக்கிறது. ஃபர்னஸ் அறையை அப்படியே வைத்துக்கொண்டு, டவுன்ஃப்ளோவை எடுத்துவிட்டு மேல்நோக்கி ஊதும் ஃபர்னஸ் வைக்கலாம். அப்போது காற்றோட்டம் தலைகீழாகும். முன்பு ரிட்டர்ன் மேலே இருந்தது, இனி அது கீழே வேண்டும். இதை யோசிக்காமல் கொடுக்கும் கொட்டேஷனில் பிறகு கூடுதல் செலவு முளைக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாய் வழி எடுக்கும் மூடிய வகை ஃபர்னஸ் இந்த அலமாரி அறைக்குப் பொருத்தமானது.

அட்டிக் டக்டுக்கு ஆர்-8 இன்சுலேஷன் கேளுங்கள் (ஆர் என்பது வெப்பம் கடப்பதைத் தடுக்கும் திறனின் அளவு). இணைப்புகளில் டேப் மட்டும் போதாது, மாஸ்டிக் பசை பூச வேண்டும். முதன்மை டக்ட் தகட்டில், கிளைகள் மட்டும் வளையும் ஃப்ளெக்ஸில், அதையும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். முடிந்ததும் கசிவுச் சோதனை. 25 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டின் 100 சதுர அடிக்கு 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 4 கன அடிக் காற்று) வரைதான் கசியலாம் என்பது புது வீடுகளுக்கான ஆற்றல் விதி. ஒப்பந்தத்தில் அதையே இலக்காக எழுதச் சொல்லுங்கள். கூரையைத் தாங்கும் மரச்சட்டமான டிரஸ்ஸின் எந்த மரத்தையும் வெட்ட அனுமதிக்காதீர்கள். டக்டை அட்டிக்கில் போடாமல், நடைபாதைக்கு மேல் பொய்க்கூரை இறக்கி வீட்டுச் சூட்டுக்குள்ளேயே ஓட்ட முடிந்தால் அது இன்னும் மேல். ஏழரை அடியாகக் கூரை இறங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அட்டிக்கில் ஆள் ஏறுமுன் அங்குள்ள பழைய இன்சுலேஷனையும் பாருங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த, மினுக்கும் சிறு கற்கள் மாதிரி இருந்தால் அது வெர்மிகுலைட். மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் கல்நார் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. கிளறாமல் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

டக்டே வேண்டாம் என்றால் மினி ஸ்பிளிட் ஹீட் பம்ப். நம் ஊர் ஸ்பிளிட் ஏசியேதான், எதிர்ப்புறமாகவும் ஓடிச் சூடு தரும். சின்ன வீட்டுக்கும் திறந்த அமைப்புள்ள வீட்டுக்கும் அருமையான தீர்வு. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் ஹாலில் உள்ள யூனிட்டின் சூடு உள்ளே போகாது என்பதால், படுக்கையறைகளுக்கு மட்டும் குட்டி டக்ட் வைத்த யூனிட் போடுவது நல்ல சமரசம். வாங்கும்போது 47 டிகிரியில் என்ன திறன் என்று போட்டிருப்பதைப் பார்க்காமல், 5 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு வெப்பம் தரும் என்று கேளுங்கள். ஹீட் பம்புக்கான கூட்டாட்சி வருமான வரிச் சலுகை 2025 டிசம்பர் 31க்குள் நிறுவியவற்றோடு முடிந்துவிட்டது. மாநிலமும் மின் நிறுவனமும் தரும் சலுகை இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள்.

புது வழிக்கு மாறியதும் தரை முன்பைவிடக் குளிரும். அதைவிட முக்கியம், வெளிச்சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் இத்தனை வருடம் சூடான ஸ்லாப் ஓரத்தின் தயவில் உறையாமல் இருந்திருக்கலாம். முதல் கடுங்குளிருக்கு முன் அந்தக் குழாய்களைக் கண்டுபிடித்துப் பாதுகாப்புச் செய்யுங்கள். ஸ்லாப்பின் வெளி ஓரத்தில் மண்ணைத் தோண்டிக் கெட்டியான ஃபோம் பலகை பதித்தால் இரண்டு பிரச்சினையும் குறையும்.

பழையதை மூடுவது

ரெஜிஸ்டர் வாயில் ஒரு மூடியைப் போட்டு மேலே கார்ப்பெட் விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காலியான டக்ட் தண்ணீருக்கும், ரேடானுக்கும், கரையானுக்கும் திறந்த பாதையாகவே இருக்கும். தகடு உதிர்ந்து மேல் கான்கிரீட்டுக்குத் தாங்கல் இல்லாமலும் போகலாம். பின்னால், ஸ்லாப்புக்கு அடியிலிருந்து ரேடானை உறிஞ்சி வெளியேற்றும் ஃபேன் வைக்க நேர்ந்தால், அது மண்ணை விட்டுவிட்டு இந்த டக்டுகள் வழியே வீட்டுக் காற்றையே இழுக்கும். ஆகவே நிரப்ப வேண்டும். அதுவும் புது ஹீட்டிங் ஓடி, இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு.

எதைக்கொண்டு நிரப்புவது? கிடைமட்டக் குழாயில் மணல் முழுதாக இறங்காது. கேனில் வரும் ஃபோம் இடைவெளி விடும், எரியக்கூடியதும்கூட. தானாகவே ஓடிப் பரவும் மெல்லிய சிமென்ட் கலவையே சரி. கான்ட்ராக்டர்கள் ஃப்ளோவபிள் ஃபில் என்பார்கள், நுரை கலந்த இலகு ரகமும் உண்டு. இறுகிய பின் வலிமை 300 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு) கீழே இருக்கும் கலவையாகக் கேளுங்கள். என்றாவது ஒரு பிளம்பர் அங்கே தோண்ட நேர்ந்தால் கருவி வைத்துக் கொத்தி எடுக்க முடியும்.

அளவை முன்பே போட்டுக்கொள்ளலாம். 6 அங்குலக் குழாய் 100 அடிக்கு ஏறக்குறைய 20 கன அடி, அதாவது முக்கால் கன கெஜம் பிடிக்கும். 8 அங்குலம் என்றால் 35 கன அடி, 1.3 கன கெஜம். சரிந்து பள்ளமான இடம் இருந்தால் இன்னும் கூடும், பிளீனம் தனிக் கணக்கு.

நிற்கும் நீரை எடுத்த பின், குழல் மூலம் தாழ்ந்த பக்கத்திலிருந்து பம்ப் செய்யச் சொல்லுங்கள். அடுத்த ரெஜிஸ்டரில் கலவை எட்டிப் பார்த்தால்தான் அந்தக் கிளை நிரம்பியது. எல்லா வாயும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று சிக்கி நடுவில் வெற்றிடம் நிற்கும். நீங்கள் வரைந்த வரைபடம் இங்கேதான் பயன்படும். கலவை வராத ரெஜிஸ்டர் எது, அதற்கு எங்கே தனியாகத் துளை போடுவது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். கல்நார் குழாயையும் பெயர்க்காமல் இருந்த இடத்திலேயே நிரப்பி மூடுவது வழக்கம். உங்கள் மாநில விதியை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்வாய்களில் கலவையைக் கொஞ்சம் தாழ்த்தி நிறுத்தி, பாலிதீன் தாள் வைத்து, சுற்றியுள்ள ஸ்லாப்பின் கனத்துக்குச் சுருங்காத கிரவுட்டோ கான்கிரீட்டோ போட வேண்டும். உடனே வினைல் தரையோ மரத்தரையோ ஒட்டாதீர்கள். ஈரப்பதச் சோதனையில் தேறிய பிறகு போடுங்கள்.

ஸ்லாப்பில் எங்கே துளையிடுவதானாலும் ஓர் எச்சரிக்கை. முறுக்கி இழுத்த இரும்புக் கேபிள் ஓடும் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்புகள், குறிப்பாக டெக்சஸில், நிறைய உண்டு. கேபிள் அறுந்தால் ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். ரேடார் ஸ்கேன் செய்யாமல் துளையிட விடாதீர்கள்.

பெர்மிட், ஒப்பந்தம், பணம்

ஃபர்னஸ் மாற்றத்துக்கும் டக்டுக்கும் நகராட்சியின் மெக்கானிக்கல் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டைக் கான்ட்ராக்டர் தன் பெயரில் எடுக்கட்டும். கொட்டேஷன் மூன்று வாங்குங்கள். மூவருக்கும் ஒரே வீடியோ, ஒரே வரைபடம், ஒரே கேள்விப் பட்டியல் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். வெப்பக் கணக்கின் பிரதி, கசிவுச் சோதனை முடிவு, நிரப்பிய கலவையின் அளவு மூன்றும் எழுத்தில் வேண்டும். கடைசித் தவணையை இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். வீட்டு இன்சூரன்ஸ் பொதுவாக நாள்பட்ட தேய்மானத்துக்கும் நிலத்தடி நீருக்கும் பணம் தராது. திடீரென்று உடைந்த தண்ணீர்க் குழாயே காரணம் என்றால் கேட்டுப் பார்க்கலாம், அதற்கும் வீடியோதான் சாட்சி.

வேலைக்கு ஏற்ற காலம் வசந்தத்தின் இறுதியிலிருந்து இலையுதிர் காலத் தொடக்கம் வரை. ஜனவரியில் டக்ட் சரிந்து மாட்டிக்கொண்டால், தண்ணீர்க் குழாய் உள்ள அறைகளை மின் ஹீட்டரால் காப்பாற்றிக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு மினி ஸ்பிளிட் மட்டும் போட்டுவிட்டு மீதியை வெயில் காலத்துக்குத் தள்ளலாம். அந்த ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு

வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்ஷனில் டக்டின் உள்ளே பார்க்கமாட்டார்கள். ஸ்லாப் வீடு, தரையோர ரெஜிஸ்டர், டவுன்ஃப்ளோ ஃபர்னஸ் மூன்றும் சேர்ந்திருந்தால், இன்ஸ்பெக்ஷன் கெடு முடிவதற்குள் டக்டுக்கும் கழிவுக் குழாய்க்கும் சேர்த்து ஒரே நாளில் கேமரா விடச் சொல்லுங்கள், ரேடான் சோதனையையும் அதே வாரத்தில் வையுங்கள். வீடு ஏற்கெனவே அட்டிக் டக்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் பழைய டக்டை எதைக்கொண்டு நிரப்பினார்கள், பெர்மிட் எண் என்ன என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஃபர்னஸ் அறையின் தரையைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று ஓசை எழுந்தால் பிளீனம் இன்னும் காலியாக இருக்க வாய்ப்புண்டு. நிரப்பும் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேட்கலாம்.